மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி ஒரு கோடு

பெப்ரவரி 6, 2023. திங்கள்

பிரஷர் 148/92.

டொக்டர் இந்தக் கொப்பியைத் தந்து, ஒவ்வொரு நாளும் பிரஷரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எதனால் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க, அன்று நடந்ததையும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நினைத்ததை எழுதலாம்.

இன்று மார்க்கேசா வீட்டு நடன மண்டபத்தில் சாரம் கட்டி முடித்தார்கள். மார்க்கேசா என்பது பிரபு குடும்பத்துப் பெண்களுக்குரிய பட்டம். இந்த பலெர்மோ நகரத்தில் அப்படிப் பட்டத்தோடும் பழைய மாளிகையோடும் மிஞ்சியிருக்கும் சிலரில் அவரும் ஒருவர். வயது எண்பத்தாறு. பத்தொன்பது வருடமாக அவருக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, வீடு துடைத்து வருகிறேன்.

மண்டபத்துக் கூரை முழுக்க ஓவியம். இருநூற்று எழுபது வருடத்துக்கு முன் அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு கலியாணத்தைக் கொண்டாட வரைந்தது. நான் நிமிர்ந்து பார்த்தது குறைவு. நிமிர்ந்தால் கழுத்து நோகும், வேலை பிந்தும். மேகத்துக்கு நடுவே வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர், அதில் மாப்பிள்ளையும் பெண்ணும், சுற்றிவர அரைகுறை உடுப்போடு பறக்கும் ஆட்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதைத் துப்புரவாக்கித் திருத்த வந்திருக்கும் நான்கு பேரில் என் மகள் ஆரபியும் ஒருத்தி. அதற்கென்றே படித்தவள். மத்தியானம் சாரத்துக்குக் கீழே நின்று எனக்கு விளக்கினாள்.

"உதெல்லாம் ஆக்கள் இல்லையம்மா, குணங்கள். கொம்பு ஊதுறவள் புகழ். தீப்பந்தம் பிடிச்சிருக்கிற பெடியன் கலியாணத்துக்குரிய தேவன். நாயோடை இருக்கிறவள் விசுவாசம். அரிவாளோடை தள்ளுப்பட்டுப் போற கிழவன் காலம்."

"கீழை விழுறவள் ஆர்?"

"வஞ்சகம். கையிலை முகமூடி வைச்சிருக்கிறாள், பாருங்கோ."

பின்னேரம் மார்க்கேசா என்னைக் கூப்பிட்டார். "யோகா, நான்கு பேர் வருகிறார்கள். ஒருத்தி உன் மகள். மற்ற மூன்று பேர் மீதும் ஒரு கண் வைத்துக்கொள். முன்னொருமுறை பூட்டுத் திருத்த வந்தவன் வெள்ளிக் கரண்டியோடு போனான்."

சரி என்றேன். நால்வர் மீதும் வைக்கலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 12. ஞாயிறு

பிரஷர் 140/88. நல்ல செய்தி கேட்டால் குறைகிறது.

லண்டனிலிருந்து, ஆரபிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை கஜரூபனின் தாயார் மங்களேஸ்வரி கதைத்தார். சித்திரை முப்பதாம் திகதி முகூர்த்தம் வைக்கலாமாம். கலியாணத்தை இங்கேயே, பலெர்மோவிலேயே செய்வோம் என்கிறார்கள். லண்டனிலிருந்து பத்துப் பேருக்கு மேல் வரமாட்டார்களாம். ஆடம்பரம் பிடிக்காத குடும்பம். சீதனமும் கேட்கவில்லை.

"பதிவு எழுத்தை ஆறுதலாய்ப் பாப்பம் தங்கச்சி. இப்ப கோயிலிலை தாலியைக் கட்டுவம். கந்தோர் பேப்பரே கலியாணம்? தாலிதானே கலியாணம்" என்றார். பழைய மனுசி. கேட்க ஆறுதலாக இருந்தது.

கஜரூபனும் இரண்டு நிமிடம் கதைத்தார். கமரா வேலை செய்யவில்லையாம். "மாமி, சுகமா இருக்கிறியளோ?" என்று குழைவாகக் கேட்டார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. தங்கச்சியின் பிள்ளையாம்.

ஆரபி பக்கத்தில் இருந்து வெண்டைக்காய் நறுக்கினாள். போனைக் கொடுத்தால் கதைத்தாள். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனாள். கலியாணம் பேசிய பெண்ணின் முகத்தில் ஒரு மலர்ச்சி வேண்டாமா?

மனதில் வேறு யாரோ இருக்கிறான்.

பெப்ரவரி 14. செவ்வாய்

பிரஷர் 152/94.

இன்று இந்த ஊரில் காதலர் நாளாம். மத்தியானம் எல்லோரும் ஒரு மணிக்கு இறங்கினார்கள். ஆரபியும் தொமாசோ என்ற தாடிக்காரனும் ஒன்று நாற்பதுக்கு இறங்கினார்கள். அவளுடைய கண் சிவந்திருந்தது. தூசு என்றாள். அவனுக்கு மட்டும் தூசு படவில்லை.

மண்டபத்துக் கதவுக்கு வெளியே இருக்கும் பித்தளைக் கைப்பிடியைத் துலக்கத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் துலக்கினேன். இத்தாலியன் பேச்சு மேலே போய் எதிரொலித்துக் கலங்கித்தான் வருகிறது. "லண்டன்" என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது.

பெப்ரவரி 19. ஞாயிறு

பிரஷர் 150/92.

சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்தோம். எங்கள் தமிழ்ச்சனம் ஞாயிறென்றால் அந்தப் புனிதை அம்மாவிடம் போகும். முருகனைக் கும்பிடுகிறவர்களும் மெழுகுதிரி கொளுத்துகிறோம். அவ வித்தியாசம் பார்க்கிறதில்லை.

ஏற்றத்தில் பரமேசக்கா பக்கத்தில் வந்தா. "பெடியனை நேரிலை பாத்தனியளோ?"

"போட்டோ இருக்கு. போனிலை கதைக்கிறம்."

"இந்தக் காலத்திலை நேரிலை பாராமல்..." என்று இழுத்தா.

அவவின் மகளுக்கு முப்பத்தொன்று. இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. இழுப்பதற்குக் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை.

நானும் போட்டோவைப் பார்த்துத்தான் இந்த ஊருக்கு வந்தேன். தொண்ணூற்று நாலாம் ஆண்டு. போட்டோவில் என் மனுசனுக்கு நிறையத் தலைமயிர் இருந்தது. விமான நிலையத்தில் வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அதனால் என்ன? சாகும்வரை என்னோடு நல்லபடிதான் வாழ்ந்தார். கையோங்கியதில்லை. மாதத்தில் முதல் சனிக்கிழமை வேலை அலுவலாய்க் கத்தானியாவுக்குப் போய்வருவார். மற்றபடி வீடு, வேலை, வீடு.

பெப்ரவரி 23. வியாழன்

பிரஷர் 146/90.

இரவுச் சாப்பாட்டில் ஆரபி தானாகக் கதைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு.

அந்தக் காலத்தில் சுவரில் ஈரச் சாந்து பூசி, அது காயுமுன் வரைவார்களாம். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். ஒரு நாள் பூச்சுக்கும் மறுநாள் பூச்சுக்கும் இடையில் மயிர்போல ஒரு கோடு தெரியுமாம். கோடுகளைப் பார்த்தே எத்தனை நாள் வேலை என்று எண்ணலாம்.

"மணப்பெண்ணின்ரை முகத்தைச் சுற்றி மட்டும் தனியாய் ஒரு கோடு ஓடுது அம்மா. சாந்தும் வேறை. முதலிருந்த முகத்தைக் கொத்தி எடுத்துப்போட்டு வேறை முகம் வைச்சிருக்கினம்."

"சிலவேளை பழுதாப் போயிருக்கும்."

"இல்லை. காதோரத்திலை பழைய முகத்தின்ரை துண்டொண்டு மிஞ்சிக் கிடக்கு. தலைமயிர் பொன்னிறம். இப்ப இருக்கிறவளுக்குக் கறுப்பு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எதையோ கேட்க வேண்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்று கேட்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைப் பார்த்தேன். முகத்துக்கு மாட்டும் மாஸ்க், பஞ்சு, ஒரு அப்பிள் பழம். பக்க உறையில் ஆங்கிலத்தில் அச்சான ஒரு கடதாசி. மேலே பிரித்தானியச் சின்னம். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இருந்தபடியே வைத்துவிட்டேன்.

அவள் லண்டனுக்குப் போவதற்கான விசா அலுவலாக இருக்கும்.

பெப்ரவரி 26. ஞாயிறு

பிரஷர் 149/91.

மங்களேஸ்வரி கதைத்தார். சாந்தா ரொசாலியாவின் புதுமை பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோர்வேயிலிருக்கும் மகளுக்குக் கலியாணம் கட்டி ஏழு வருடமாகப் பிள்ளையில்லை, ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு தங்கச்சி என்றார். கொளுத்துகிறேன் என்றேன்.

கஜரூபனுக்கு ஒரே ஒரு தங்கச்சிதான்.

அப்படியானால் அன்றைக்கு அழுதது வேறு யாருடைய குழந்தையோ. லண்டனில் வீடுகளின் சுவர் மெல்லியது என்று சொல்வார்கள்.

மார்ச் 1. புதன்

பிரஷர் 151/93.

மார்க்கேசாவுக்குக் கால் பிடித்துவிட்டபோது அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"உன் மகள் கண்டுபிடித்துவிட்டாளா? கெட்டிக்காரி. பெண் நேப்பிள்ஸிலிருந்து வந்தவள். ஓவியனுக்குக் கொடுக்க அவர்கள் ஒரு சின்னப் படம் அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் அவன் வரைந்தான். கப்பல் வந்தது, பெண் இறங்கினாள். படத்திலிருந்தவள் அவளில்லை. அக்காவின் படத்தை அனுப்பியிருந்தார்கள்."

"பிறகு?"

"பிறகு என்ன, விருந்துக்கு முந்நூறு பேரை அழைத்தாயிற்று. ஓவியனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூரையைத்தான் திருத்தினார்கள்."

"அந்தப் பெண் சந்தோசமாக இருந்தாவோ?"

"அதை யார் எழுதி வைத்தார்கள்?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "உன் மகளின் கலியாணச் சாப்பாட்டை அந்த மண்டபத்தில் வை. அறுபத்தோராம் ஆண்டு என் கலியாணத்துக்குப் பிறகு அங்கே ஒருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவதைகள் பறக்கும் கூரைக்குக் கீழே என் பிள்ளையின் கலியாணம். பரமேசக்கா பார்க்க வேண்டும்.

ஆரபியிடம் சொன்னேன். "அந்தக் கூரைக்குக் கீழையோ?" என்றாள். 

மார்ச் 5. ஞாயிறு

பிரஷர் 158/96.

அவளுடைய போனைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுத வேண்டும். அவள் கீழே பலாரோச் சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தாள், போன் மேசையில் கிடந்து அதிர்ந்தது. பெயர் வரவில்லை, நம்பர் மட்டும் வந்தது. +44. லண்டன். ஆனால் கஜரூபனின் நம்பர் இல்லை. அவருடையது எனக்கு மனப்பாடம்.

ஆக, தொமாசோ மட்டுமல்ல, லண்டனில் இன்னொருவனும் இருக்கிறான். அல்லது தொமாசோவின் நண்பன் யாராவது. நம்பரை இந்தக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிக்கொண்டேன்.

அவள் மீனோடு வந்தாள். மிஸ்ட் கோலைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். பதினேழு நிமிடம். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதைத்தாள்.

மார்ச் 7. செவ்வாய்

பிரஷர் காலை 156/95. பின்னேரம் 181/104.

மார்க்கேசா உறங்கியபின் அவருடைய வீட்டுப் போனிலிருந்து அந்த நம்பருக்கு எடுத்தேன். பிழையான நம்பர்.

மார்ச் 8. புதன்

பிரஷர் 172/100.

பெண்கள் நாள். இந்த ஊர் ஆண்கள் கண்ணில் படும் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் மிமோசாப் பூக்கொத்து கொடுப்பார்கள். தொமாசோ ஆரபிக்கு ஒன்று கொடுத்தான். எனக்கும் ஒன்று தந்தான். மார்க்கேசாவுக்கும். என்னை ஏமாற்றுவதற்காக மூன்றாய் வாங்கியிருக்கிறான்.

டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். இல்லை, கலியாணம், சந்தோசம் என்றேன்.

மார்ச் 10. வெள்ளி

பிரஷர் 169/99.

கூறைச்சேலைக்கு ஓடர் கொடுத்தேன். அரக்கு நிறம்.

மார்ச் 12. ஞாயிறு

எடுக்கவில்லை.

மலைக்குப் போகவில்லை. கால் நோ. மங்களேஸ்வரி கதைத்தார், நான் குளியலறையில் இருப்பதாக ஆரபியைச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, "ஏனம்மா கதைக்கேல்லை?" என்றாள்.

"தலையிடி."

"வேறொண்டும் இல்லையே?"

"என்ன வேறை?"

நின்றாள். போய்விட்டாள்.

மார்ச் 15. புதன்

பிரஷர் 170/101.

நூற்றிருபது பேருக்குச் சொல்லியாயிற்று. ஐயரும் திகதியைக் குறித்துவிட்டார். இனி என்ன.

மார்ச் 18. சனி

பிரஷர் எடுக்கவில்லை. இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை வேலையாட்கள் வருவதில்லை. ஆரபி மட்டும் ஏதோ அளவெடுக்க வேண்டும் என்று என்னோடு வந்தாள். மார்க்கேசாவின் காலைச் சாப்பாடு முடிந்ததும், "அம்மா, ஒருக்கா மேலை வாங்கோ" என்றாள்.

"எனக்குத் தலை சுத்தும்."

"நான் பிடிக்கிறன்."

மஞ்சள் தொப்பியை என் தலையில் மாட்டிவிட்டாள். ஆறு தட்டு ஏணி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே கூரை தலையில் முட்டுகிறது போல இருந்தது. கீழேயிருந்து அவ்வளவு வடிவாய்த் தெரிந்த முகங்கள் கிட்டப் போனால் முகமாகவே இல்லை. கண் ஒரு கறுப்புத் திட்டு. வாய் ஒரு சிவப்பு இழுப்பு. விசுவாசத்தின் நாய்க்கு மூக்கே இல்லை. எல்லாம் தூரத்துக்கென்று செய்த வேலை.

அவள் என் கையைப் பிடித்து மணப்பெண்ணின் தாடைக்குக் கீழே வைத்தாள். விரலில் அந்தக் கோடு தட்டுப்பட்டது. மெல்லியதுதான். தடவினால் தெரிகிறது.

"அம்மா" என்றாள். "ஏழாந் திகதி பின்னேரம் லண்டனிலை துளசிகா எண்ட பிள்ளைக்கு இந்த வீட்டு நம்பரிலை இருந்து ஒரு கோல் போயிருக்கு."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"கதைக்காமல் வைச்சிட்டினமாம். ஆரோ பொம்பிளை மூச்சு விட்டது கேட்டதாம். உந்த நம்பரை உங்களுக்குத் தெரியுமோ எண்டு அவ என்னட்டைக் கேட்டவ."

அந்த நாளில் நான் எழுதியது பொய். நம்பர் பிழையில்லை. ஒரு பிள்ளை எடுத்தாள். யாழ்ப்பாணத் தமிழ். "ஹலோ, ஆர்?" என்றாள். பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. அதே அழுகை. ஒருமுறை கேட்டாலும் குழந்தையின் குரல் காதில் நிற்கும். பிறகு தூரத்தில் ஒரு ஆண்குரல், "ஆரப்பா போனிலை?" என்று கேட்டது. அந்தக் குழைவான குரல். நான் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு மார்க்கேசாவுக்குத் தேத்தண்ணி போட்டேன். அதற்குப் பிறகு கூறைச்சேலைக்கு ஓடர் கொடுத்தேன்.

"பதினொரு நாள் பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள் ஆரபி. "இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியளோ? இஞ்சை எழுத்து வைக்கிறதுக்குப் பேப்பர் அனுப்பச் சொல்லி அவரை மூண்டு தரம் கேட்டன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சாட்டு. லண்டனிலை இருக்கிற சிநேகிதி ஒருத்தியை விசாரிக்கச் சொன்னன். கலியாணச் சேர்ட்டிபிக்கட்டையும் துளசிகாவின்ரை நம்பரையும் எடுத்து அனுப்பினாள். அவரும் துளசிகாவும் நாலு வரியம் முந்தி எழுத்து வைச்சிருக்கினம். நான் உதைக் கொண்டுவந்து காட்டினால் என்ன சொல்லியிருப்பியள்? தொமாசோவோடை ஓடுறதுக்குக் கள்ளப் பேப்பர் செய்திருக்கிறாள் எண்டு சொல்லமாட்டியளோ?"

சொல்லியிருப்பேன். அவளைப் பார்க்க முடியவில்லை.

"தொமாசோவின்ரை மனுசிக்கு வைகாசியிலை பிள்ளை பிறக்கப்போகுது. அவரின்ரை தோளிலை விழுந்து அழுதனான்தான். வேறை ஆரிட்டை அழ?"

அந்தச் சொல் என்னைக் குத்தியது. பலகையில் இருந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள். எனக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான். யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"அப்பா மாதத்திலை முதல் சனி கத்தானியா போறவர், நினைவிருக்கோ?"

"வேலைக்கு."

"வேலைக்கில்லை. அங்கை ஒரு இத்தாலிக்காரி இருந்தவள். நான் வர முன்னமே. ஒரு பெடியனும். நான் வந்து ரெண்டாம் மாதம் அவரின்ரை சேட்டுப் பொக்கற்றிலை பிள்ளையின்ரை போட்டோ இருந்தது."

ஆரபி என் பக்கம் திரும்பினாள்.

"போட்டோவை அப்பிடியே வைச்சுப்போட்டுச் சேட்டை அயன் பண்ணினன். பிறகு ஒவ்வொரு முதல் சனியும் நல்ல சேட்டாய்ப் பாத்து நானே அயன் பண்ணி வைப்பன். பதினெட்டு வரியம்."

"நீங்கள் அறிஞ்சது அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஒரு நாள் சேட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை."

"ஏனம்மா?"

"ஊரிலை சண்டை. அம்மாவையும் தம்பியையும் அவர்தான் கொழும்புக்கு எடுத்தவர். கேட்டால் எல்லாம் உடைஞ்சிடும் எண்டு நினைச்சன். கேளாமல் விட்டால் கலியாணம் நிக்கும் எண்டு நினைச்சன். நிண்டதுதான்."

அவள் அந்தக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு, "அண்ணா ஒருத்தன் இருக்கிறானோ எனக்கு?" என்றாள். அழவில்லை. அந்தக் கேள்வியை அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கிறான். அப்பாவின்ரை செத்தவீட்டிலை கடைசி வரிசையிலை நிண்டவன். நான்தான் கோப்பி குடுத்தனான்."

கீழே மார்க்கேசா கைத்தடியால் தரையைத் தட்டினார். "யாரது மேலே? யோகா, நீயா? என்ன திருடுகிறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரபிக்கும். சிரித்துக்கொண்டே அழுதாள். இறங்கும்போது எனக்குக் கீழே நின்று, ஒவ்வொரு படியிலும் என் பாதத்தைப் பிடித்துப் பிடித்து வைத்தாள்.

மார்ச் 19. ஞாயிறு

பிரஷர் 160/94.

காலை பத்து மணிக்கு மங்களேஸ்வரிக்கு எடுத்தேன். ஆரபி பக்கத்தில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கஜரூபன் கலியாணம் முடிச்சவரோ?"

 மறுக்காமலே சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. "அது வெறும் எழுத்துத்தானே தங்கச்சி. ஆரைக் கேட்டுச் செய்தவன்? தாலி கட்டேல்லை, கோயிலுக்குப் போகேல்லை. அவையள் எங்கடை ஆக்களும் இல்லை. நாங்கள் அதைக் கலியாணமாய் எடுக்கேல்லை."

"பிள்ளை இருக்கே?"

"பிள்ளையை நாங்கள் பாத்துக்கொள்ளுவம். ஆம்பிளைப் பிள்ளைதானே. உங்கடை மகளுக்கு ஒரு குறையும் வராது. உமக்கு வயசு போகுது, வெளியிலை தெரிஞ்சால் உம்முடைய பிள்ளைக்குத்தான் பேர் கெடும். யோசிச்சுக் கதையும்."

"யோசிச்சுத்தான் எடுத்தனான் அக்கா. கலியாணம் இல்லை."

"நூற்றிருபது பேருக்குச் சொல்லியாச்சு எண்டனீர்?"

"திருப்பிச் சொல்லுறன்."

இன்று எழுபத்திரண்டு பேருக்குச் சொன்னேன். முதலில் பரமேசக்காவுக்கு. காரணத்தையும் சொன்னேன். அவ ஒன்றும் இழுக்கவில்லை. "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னா. இவ்வளவு நாளும் அவவைப் பற்றி நான் நினைத்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

மார்ச் 20. திங்கள்

பிரஷர் 152/92.

மிச்ச நாற்பத்தெட்டுப் பேருக்கும் சொல்லி முடித்தேன். இரண்டு பேர் ஆரபியில் என்ன குறை என்று கேட்டார்கள். குறை மாப்பிள்ளையின் பெண்சாதி என்றேன்.

மார்க்கேசாவிடம் சொன்னேன்.  "என்னுடைய கலியாணத்தன்றும் என் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது" என்றார். எது தெரிந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "மீன் வாசம் வருகிறது, போய் அடுப்பைப் பார்" என்றார்.

ஏப்ரல் 4. செவ்வாய்

பிரஷர் 142/88.

சாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றிய கோட்டை நிறம் பூசி மறைப்பதா, விடுவதா என்று அவர்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். விடுவது என்று முடிவாம். காதோரத்துப் பொன்மயிரையும் துடைத்து அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஆரபி அடுத்த மாதம் கத்தானியா போக வேண்டும் என்கிறாள். போ என்றேன். நானும் வரவா என்று கேட்டேன். முதலில் நான் மட்டும் என்றாள். சரி.

ஏப்ரல் 16. ஞாயிறு

பிரஷர் 144/90.

காலையில் துளசிகா எடுத்தாள். இப்போது என்னோடும் கதைக்கிறாள். தாய் இல்லாத பிள்ளை. மகனைக் கூட்டிக்கொண்டு தனியாக ஒரு அறைக்குப் போய்விட்டாளாம்.

"அன்ரி, அவை இப்ப கஜரூபனுக்குப் பாரிசிலை ஒரு பிள்ளையைப் பாத்திருக்கினம். ஆவணியிலையாம். பிள்ளையின்ரை தாயின்ரை நம்பர் எனக்குக் கிடைச்சிருக்கு. நான் எடுத்தால் எரிச்சலிலை சொல்லுறன் எண்டுதான் நினைப்பா."

"என்னட்டைத் தா."

ஆரபி மலைக்குப் போயிருந்தாள். குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எடுத்தேன். என் வயதுப் பெண்ணின் குரல். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை உங்களுக்குத் தெரியாது. இத்தாலியிலை இருந்து கதைக்கிறன். என்ரை பெயர் யோகமலர். கஜரூபனைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேணும்."

மிக்ஸி நின்றது.

சொன்னேன். எழுத்து, மனுசி, பிள்ளை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அந்த மனுசி முழுக்கக் கேட்டது. முடிந்ததும், "நீங்கள் ஆர்? ஆர் உங்களை எடுக்கச் சொன்னது? உங்கடை மகளுக்குச் சரிவரேல்லை எண்டால் எங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் குழப்பப் பாக்கிறியளோ?" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பா என்று எனக்குத் தெரியும். நின்ற மிக்ஸியைத் திரும்பப் போட்டிருப்பா. மகள் யாரென்று கேட்டால் பிழையான நம்பர் என்று சொல்லியிருப்பா.

தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவினேன். பிறகு அதே கதிரையில் இருந்து மறுபடி எடுத்தேன்.